பார்ட்டிக்குப் பொறுமை குறைவு என்று எழுதினேன்

1. மெத்தை மேல் விழுந்த கதை

ஏணியின் உச்சியில் நின்று இரண்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தேன். வலது கையில் ஒயர். இடது கை கூரையில் ஓடிய இரும்பு உத்தரத்தைப் பிடித்திருந்தது. அடுத்த நொடி நான் கீழே கிடந்தேன். எப்படி வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஹாலைக் காலி செய்து தருவதற்காக அந்த வீட்டில் நாலு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் மல்லாக்க விழுந்திருந்தேன். மெத்தை மட்டும் இல்லையென்றால் இதை எழுத இன்றைக்கு ஆள் இல்லை.

என் பெயர் செல்லத்துரை. பம்பாயில் ஒயர்மேனாக ஆரம்பித்து, எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக ரிட்டயர் ஆனவன். புதிதாக லைசென்ஸ் வாங்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "பழைய காலத்து வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் சார்" என்று கேட்பார்கள். நான் எதையாவது பெருமையாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் இந்த விஷயமே. அதனால் இப்போது எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. தாராவியில் ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், குடியிருந்தேன். வேலை பெரும்பாலும் மாட்டுங்காவில்தான். அங்கே இருந்த பழைய கட்டடங்களில் எல்லாம் மரச்சட்டத்துக்குள் ஓடிய ஒயர்கள் இற்றுப்போய், மாற்றவேண்டிய நிலைமைக்கு வந்திருந்தன. நான் விழுந்த வீடும் அப்படி ஒன்றுதான். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே போகும் தூரம். இரண்டாவது மாடி. வீட்டுக்காரர் சிவராமன் சார் ஏதோ பெரிய ஆபீசில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மாமியும் மட்டும்தான். மாமிக்கு நெஞ்சில் கோளாறு. உள்ளறைக் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

நான் மேலே ஏறுமுன் மெயினை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் ஏறினேன். பீங்கான் ஃபியூஸையும் உருவி, வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் ஸ்விட்ச் பெட்டியின் தலையிலேயே வைத்திருந்தேன். அப்போது எல்லா ஒயர்மேனும் அப்படித்தான் வைப்போம். அதற்குக் காரணம் உண்டு. எங்களில் ஒருவன் முன்பு ஃபியூஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு குடும்பம் விடியும்வரை இருட்டில் கிடந்தது. அதிலிருந்து ஃபியூஸைப் பெட்டியின் தலையில் வைப்பது எங்களுக்குள் ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. வேலை கொடுக்கும் வீட்டுக்காரரைத்தான் நாங்கள் பார்ட்டி என்போம்; பார்ட்டியின் பொருள் பார்ட்டியின் கண் முன்னால் இருக்கவேண்டும்.

அப்படியென்றால் கரண்ட் எங்கிருந்து வந்தது?

சிவராமன் சார் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"என்னப்பா ஆச்சு? வழுக்கிடுத்தா?"

அவரே மேலே பேசினார்.

"பத்து நிமிஷமா சுத்தியல் சத்தமே காணோம். சரி, முடிஞ்சுடுத்து போலிருக்குன்னு மெயினைப் போட்டேன். உள்ள அவளுக்கு ஃபேன் இல்லாம மூச்சு முட்டறது பாரு."

அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் உதறியது. விழுந்ததற்கு உதறவில்லை, இதற்கு உதறியது. சுத்தியல் அடிப்பதை மட்டும்தான் அவர் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒயரை முறுக்கிச் சேர்ப்பதற்குச் சத்தம் கிடையாது என்பதும், ஒயர்மேன் உயிரைக் கையில் பிடித்திருப்பது அந்தச் சத்தமில்லாத நேரத்தில்தான் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? மனிதர் தேடிப்பிடித்து, ஃபியூஸைச் சொருகி, ஸ்விட்சையும் போட்டிருக்கிறார். அதுவும் அக்கறையோடு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா சார், படி வழுக்கிருச்சு. ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், முதல் காரணம் வெட்கம். ஒயர்மேன் கரண்ட் வாங்கினான் என்றால், தையல்காரன் தன் விரலையே சேர்த்துத் தைத்துக்கொண்ட மாதிரி. இரண்டாவது காரணம், உள்ளறையில் மாமி வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது ஹாலிலிருந்தே தெரிந்தது. அந்த நிலைமையில் அந்த மனிதரிடம் குரலை உயர்த்த மனம் வரவில்லை. ஆனாலும் ஏதாவது சொல்லவேண்டுமே. ரொம்பப் பதமாகச் சொன்னேன்.

"மெயினைப் போட நீங்க எதுக்கு சார் சிரமப்படணும்? நானே வந்து போட்டுருதேன்."

"எனக்கென்னப்பா சிரமம்? நாலடி தூரம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மோரைக் குடித்தேன்.

2. இரண்டாம் நாள்

மறுநாள் அந்த வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்தேன். போனேன். ஆனால் ஃபியூஸை உருவி இந்தத் தடவை பெட்டியின் தலையில் வைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது வெளியே விழுந்துவிடக்கூடாதே என்று பையின் வாயில் ஒரு சேஃப்டி பின்னும் குத்திக்கொண்டேன்.

மத்தியானம் சுத்தியல் சத்தம் நின்றதும் சிவராமன் சார் கதவுக்குப் பின்னால் போய்க் கையால் துழாவும் சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா, அந்த வெள்ளைப் பீங்கான் இங்கதானே இருந்தது, காணலையே?"

"இருக்கு சார், எங்கிட்டதான் இருக்கு. இன்னும் பத்து நிமிசம் சார்."

"சரி சரி, சீக்கிரம் பாரு. அவ தவிக்கறா."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை மனத்தாங்கல் கிடையாது. ஹாலும் சமையலறையும் முடிந்தன. மீதி, உள் நடையும் மாமி படுத்திருந்த அறையும். மாமிக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும், பத்து நாள் கழித்து வந்தால் போதும் என்றார். நான் பிழைத்தேன் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

என் ஒருவனைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு அந்த ஒரே நாளில் தெரிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். ஒரு பையும் ஒரு பின்னும் போதும்.

3. பாய் கடை நோட்டு

எங்களுக்கெல்லாம் வேலை வருவது ஹமீது பாய் கடை வழியாகத்தான். பாய் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். பார்ட்டிகள் கடைக்கு வந்து சொல்வார்கள். பாய் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். நாங்கள் ஏழெட்டுப் பேர் முறை வைத்து அந்த வேலைகளை எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் அதே நோட்டின் கடைசிக் கட்டத்தில் ரிமார்க் எழுதவேண்டும். அடுத்து அந்த வீட்டுக்குப் போகிறவனுக்கு அது உதவும். மீட்டர் எங்கே இருக்கிறது, சுவர் எப்படி, பார்ட்டி எப்படி என்று எழுதுவோம்.

பார்ட்டி எப்படி என்று எழுதுவதில் ஒரு சங்கடம் இருந்தது. நோட்டு கவுண்டரிலேயே கிடக்கும். ஒரு தடவை எங்களில் ஒருவன் ஒரு பார்ட்டியைப் பற்றி, "சரியான பிடுங்கல், பொம்பளையாள் பின்னாடியே நின்னு நச்சரிக்கும்" என்று எழுதிவைத்துவிட்டான். அந்த அம்மாள் பல்பு வாங்க வந்தவர், நோட்டைத் திருப்பித் தன் பெயரைத் தேடிப் படித்துவிட்டார். கடையில் அன்று நடந்த ரகளையை நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதற்குப் பிறகு பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எவனா இருந்தாலும் மரியாதையா எழுதணும். பார்ட்டி படிச்சாலும் மனசு நோகக் கூடாது. இல்லேன்னா என் கடைப் பக்கம் வரவேணாம்."

அதிலிருந்து எங்கள் ரிமார்க்குகள் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டன. எல்லாப் பார்ட்டியும் நல்ல பார்ட்டி, எல்லா வீடும் நல்ல வீடு.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் பேனாவைத் திறந்தேன். முதலில் எழுத நினைத்தது வேறு. "இந்த ஆள் ஆளையே கொன்றுவிடுவார்" என்று எழுதக் கை துடித்தது. பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"சிவராமன் சார் வீடா? பாத்து எழுதுப்பா. அவுங்க சொல்லித்தான் அந்தக் கட்டடத்துல பாதி வீடு நமக்கு வந்துச்சு."

"கொஞ்சம் கஷ்டமான பார்ட்டி பாய்."

"என்ன கஷ்டம்?"

கடையில் அப்போது இரண்டு ஒயர்மேன்கள் நின்றிருந்தார்கள். காலையில்தான் அவர்களில் ஒருவன் சின்னதாகக் கரண்ட் வாங்கியதற்கு எல்லாரும் சேர்ந்து அவனை ஓட்டிக்கொண்டிருந்தோம். "உம்மையத்தான் கரண்டு தேடி வருதாம்லா, பொண்ணு பாத்துட்டுப் போச்சா?" என்று கேட்டவன் நான்தான். நான் போய், அதே கடையில், அதே நாளில், எனக்கும் நேற்று அடித்தது, மெத்தை மேல் விழுந்தேன் என்று சொல்வதா?

"கஷ்டம்னா, கொஞ்சம் பொறுமை கெடையாது" என்றேன்.

"அப்ப அதையே பதவிசா எழுது."

எழுதினேன். எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "பார்ட்டிக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. அனுசரித்து வேலை செய்யவும்." பாய் படித்துவிட்டு, "அருமையா எழுதிருக்கே" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. யார் மனதும் நோகாமல் கூட்டாளிகளை எச்சரித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு தாராவிக்கு நடந்தேன்.

4. சுடலைமுத்து கேட்டது

பத்து நாள் கழித்து சிவராமன் சார் மீதி வேலைக்குச் சொல்லியனுப்பினார். நான் முந்திக்கொண்டு முலுண்டில் ஒரு புதுக் கட்டட வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாட்டுங்கா வேலை அடுத்த முறைக்காரனான சுடலைமுத்துவுக்குப் போனது.

சுடலைமுத்து என் வயதுக்காரன். தாராவியில் எனக்கு நாலு கோலி தள்ளிக் குடியிருந்தான். ஒயர் வேலையில் எங்களில் அவனுக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. ஒயர் ஓடும் மரச்சட்டமான பேட்டனை அவன் அடித்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவனுக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அவன் பெண்டாட்டி மூன்றாவதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பாய் கடை வாசலில் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்வே செல்லத்துரை, நீரு பாத்த வீடுதான அது? நோட்டுல பொறுமை கம்மின்னு எழுதிருக்கீரு. ஆளு எப்படி? கத்துவாரா?"

"சே, கத்தமாட்டாரு. தங்கமான மனுசன். மோரெல்லாம் குடுப்பாரு."

"பொறவு என்னவே?"

இங்கேதான் நான் சொல்லியிருக்கவேண்டும். என்னிடம் அவகாசம் இருந்தது, அவனும் நேராகக் கேட்டான். ஆனால் கடைக்குள்ளிருந்து நாலு பேர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

"வீட்டுல நோயாளி உண்டு. கரண்டு இல்லேன்னா அவருக்கு இருப்பு கொள்ளாது. அதான் சொல்லுதேன், சுருக்க முடிச்சுட்டு வந்துரும்."

"அது சரி. நம்ம கையி வேகந்தான?" என்று சொல்லிவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். நான் முலுண்டுக்கு ரயில் ஏறப் போனேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால், பாய் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பாய் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் கவுண்டரை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"சுடலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்குப்பா" என்றார்.

எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. தலைக்குள் எல்லாம் அப்படியே ஓடியது. சுத்தியல் சத்தம் நிற்கிறது. ஒருவர் கதவுக்குப் பின்னால் போகிறார். வெள்ளைப் பீங்கான் கைக்குத் தட்டுப்படுகிறது. நான் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா, ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" என்று பாய் கேட்டார்.

"பாய், உசுரு?"

"இருக்கு. ஏணியிலேருந்து கல்தரையில விழுந்திருக்கான். இடுப்பெலும்பு போயிடுச்சுங்கறாங்க. வலது கை வேற வெந்துபோச்சு. அங்க இப்ப யாரையும் விடமாட்டாங்க, நாளைக்குப் போகலாம்."

அந்த வீட்டு உள் நடையில் மெத்தை அடுக்கியிருக்கவில்லை.

5. சிவராமன் சார் கேட்டது

மறுநாள் காலையில் முதலில் சிவராமன் சார் வீட்டுக்குத்தான் போனேன். கோபத்தோடு போனேன் என்பதுதான் உண்மை. வழியெல்லாம் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. சவரம் இல்லை, சட்டை இல்லை. நடையில் ஏணி சாய்ந்தபடியே இருந்தது. மேலே கூரையில் ஒயர்கள் வந்து சேரும் சீலிங் ரோஸ் மூடி இல்லாமல் திறந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நடந்தது புரிந்துவிட்டது. சுடலைமுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாக முறுக்கி, டேப் சுற்றி மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். அது அவன் வழக்கம். அங்கே ஆறு முனைகள் ஒன்றாகத் திறந்து தொங்கின. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முறுக்கிவிட்டு, கடைசியில் டேப் சுற்றலாம் என்று நினைத்திருக்கிறான். சுருக்க முடி என்று நான் சொன்னதைக் கேட்டிருக்கிறான்.

"உக்காருப்பா" என்றார் அவர். "நான்தான் போட்டேன். சத்தம் நின்னுடுத்து. அன்னிக்கு நீ வேலை பண்ணினப்பவும் அப்படித்தானே போட்டேன், ஒண்ணும் ஆகலையேன்னு..."

"ஆச்சு சார்" என்றேன்.

"என்ன ஆச்சு?"

"அன்னைக்கு நான் வழுக்கி விழல சார். கரண்டு அடிச்சுத்தான் விழுந்தேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வழுக்கிடுத்துன்னியேப்பா."

நான் சாய்ந்திருந்த ஏணியைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லேன்னியே. நான் கேட்டேனே, நீ ஒண்ணுமில்லேன்னு சொன்னியே. மோர் குடுத்தேனே, வாங்கிக் குடிச்சியே. அன்னிக்கே ஒரு வார்த்தை, யோவ், நீ என்னைக் கொல்லப் பாத்தேன்னு சொல்லியிருந்தா, அந்த ஸ்விட்ச் பக்கம் நான் தலைவெச்சுப் படுத்திருப்பேனா? நான் என்ன மிருகமா? எனக்கு ஏன் சொல்லலை?"

நான் கேட்கவேண்டும் என்று கோத்துவைத்திருந்த கேள்வியெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

உள்ளறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. அந்த அம்மாள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, மூச்சு வாங்கிப் பேசினார்கள்.

"ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா... நான் விசிறிண்டு... இருந்திருப்பேனே. அந்தப் பையனுக்கு... கொழந்தேள் உண்டா?"

"ரெண்டு பொம்பளப்புள்ளைக மாமி."

சிவராமன் சார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எதிர்வீட்டிலிருந்து மாமியின் ஃபேனுக்கு மட்டும் ஒரு தனி ஒயர் இழுத்தால் அரைமணி நேர வேலைதான். முதல் நாள் நானும் அவரும் ஒரு நிமிஷம் மனம் விட்டுப் பேசியிருந்தால் இது யாருக்காவது தோன்றியிருக்கும். அதையும், பாய் கடை நோட்டில் நான் எழுதியிருந்ததையும் அப்போது அவரிடம் சொன்னேன். "எல்லாம் எழுது. யார் வந்தாலும் தெரியட்டும். என் பேரைப் போட்டே எழுது" என்றார்.

6. சுடலைமுத்து மறுபடியும் கேட்டது

ஆஸ்பத்திரியில் சுடலைமுத்துவை இடுப்புக்குக் கீழே மாவுக்கட்டில் வைத்திருந்தார்கள். வலது கை பொட்டலம் மாதிரி கட்டியிருந்தது. அவன் பெண்டாட்டி அப்போதுதான் குழந்தைகளைப் பார்க்கக் கோலிக்குப் போயிருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வாரும்" என்றான். "முலுண்டு வேலை எப்படிப் போகுது?"

அவன் அப்படிக் கேட்டதே என்னால் தாங்க முடியவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"சுடலை, அந்த வீட்டுல எனக்கும் அடிச்சுது."

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

"எப்பம்?"

"மொத நாளே. அவருதான் மெயினைப் போட்டாரு. மெத்தை மேல விழுந்தேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் வேலைக்காரன், வேலைக்காரன் கேட்கும் கேள்வியைக் கேட்டான்.

"பொறவு ரெண்டாம் நாளு எப்படி வேலை பாத்தீரு?"

"ஃபியூஸைச் சட்டப்பையில வச்சுக்கிட்டேன். பின்னு குத்திக்கிட்டேன்."

"அப்பம் உமக்கு வழி தெரிஞ்சிருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்து விடை வந்ததும் சொல்வதுபோலச் சொன்னான். எனக்கு ஏணியிலிருந்து விழுந்தபோதுகூட அப்படி அடிக்கவில்லை. அதுவரையில் நான் பாய் மேலும், நோட்டு மேலும், மரியாதை மேலும் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். என் வெட்கத்துக்குத்தான் நான் நாசூக்கு என்று பேர் வைத்திருக்கிறேன் என்பது அந்தக் கட்டிலருகில்தான் எனக்கு உறைத்தது. ஆளைத் தெரியும், ஆபத்தைத் தெரியும், தப்பிக்கிற வழியையும் தெரியும். அடுத்தவனுக்கு மட்டும் "பொறுமை குறைவு" என்று எழுதிக் கொடுத்தேன்.

"அந்த வீட்டுல மிச்ச வேலைய இனி யாரு பாக்கப் போறா?" என்று கேட்டான்.

"பாய் இன்னும் யாரையும் போடல."

"நோட்டுல?"

"பழைய ரிமார்க்குதான் கெடக்கு."

"அப்பம் இங்க என்னத்துக்குவே ஒக்காந்திருக்கீரு? போயி எழுதும். நான் எங்க எந்திரிச்சு ஓடிரப் போறேன்?"

எழுந்து போனேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் பொறுமையில்லாமல் பாதி தூரம் நடந்தே போனேன். பாய் கடையில் நோட்டை எடுத்துப் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன். எழுதியதைப் பாய் இரண்டு தடவை படித்தார்.

"பார்ட்டி பாத்தா?"

"பாக்கட்டும் பாய். அவரே எழுதச் சொன்னதுதான். அவர் முன்னால நான் படிச்சுக் காட்டுதேன்."

பாய் நோட்டை மூடவில்லை. ஈரம் காயட்டும் என்று விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தக் கடையில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவனும் ஃபியூஸைப் பையில் போட்டுப் பின் குத்திக்கொண்டுதான் ஏணி ஏறவேண்டும் என்று ஆனது.

தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கஷ்டமான பார்ட்டியைப் பற்றிக் கூட்டாளிக்குச் சொல்லும்போது அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாதீர்கள். நல்லவர், கெட்டவர், அவசரக்காரர் என்பதெல்லாம் யாருக்கும் உதவாது. அவர் என்ன செய்கிறார், அதனால் உங்களுக்கு என்ன ஆனது, நீங்கள் எப்படித் தப்பித்தீர்கள், இந்த மூன்றையும் சொல்லுங்கள். முதலில் அந்தப் பார்ட்டியிடமே சொல்லுங்கள். அவர் முகத்துக்கு நேரே படித்துக் காட்ட முடிகிற வார்த்தையில் எழுதுங்கள். மரியாதை அதற்குள்ளேயே வந்துவிடும். "எனக்கு என்ன ஆனது" என்பதைச் சொல்லத்தான் வாய் வராது. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என்ன எழுதினேன் என்று சுடலைமுத்து கேட்டான். ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். படித்தேன்.

"சுத்தியல் சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டுக்காரர் சிவராமன் சார் மெயினைப் போட்டுவிடுவார். உள்ளே நோயாளி அம்மாவுக்கு ஃபேன் வேண்டும் என்பதே காரணம். இதனால் எனக்குக் கரண்ட் அடித்து ஏணியிலிருந்து விழுந்தேன். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு சுடலைமுத்து விழுந்தார். முதலில் எதிர்வீட்டிலிருந்து ஃபேனுக்குத் தனி லைன் இழுக்கவும். ஃபியூஸைப் பையில் வைத்துக்கொண்டு ஏறவும். இப்படிக்கு, செல்லத்துரை."

சுடலைமுத்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன்.

"இது புரியுதுவே" என்றான்.

அவன் அதற்குப் பிறகு ஏணி ஏறவே இல்லை.